வயிறுள்ள கிட்டார்

1. "கிடைக்கும்" என்று சொன்னேன்

பம்பாய் மாட்டுங்காவில் நான் வேலை பார்த்த கடையில் வீணை, வயலின், மிருதங்கம், ஹார்மோனியம், சுருதிப்பெட்டி எல்லாம் இருந்தன. எலெக்ட்ரிக் சாமான் என்று பார்த்தால் தலைக்கு மேலே சுற்றிய ஃபேன் மட்டும்தான். அறுபதுகளின் நடுப்பகுதி அது. விற்பனையும் நான்தான், ரிப்பேரும் நான்தான். முதலாளி வைத்தியநாதன் சார் கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் ராகம் பேசுவார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரோஸி கடைக்கு வந்தாள். தூத்துக்குடிக் குடும்பம், செம்பூரில் வீடு, ஃபோர்ட் பகுதியில் ஓர் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். மாதா கோயிலில் சாதாரண கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவள்.

"அண்ணே, ஹாலோ பாடி எலெக்ட்ரிக் கிட்டார் கிடைக்குமா?"

சாருக்குப் புரியவில்லை. "என்னம்மா அது?"

"வயிறுள்ள கிட்டார் சார். கட்டைக் கிட்டார் இல்ல. உள்ள வெறுமையா இருக்கும். மேல வயலின்ல மாதிரி ரெண்டு ஓட்டை."

செம்பூரில் ஒரு டான்ஸ் பேண்ட் இருந்தது. அதன் மாஸ்டர் ஃபெர்னாண்டஸ், ரோஸியைச் சேர்த்துக்கொள்ளத் தயார். நிபந்தனை ஒன்றுதான். கிறிஸ்துமஸ் டான்ஸுக்குள் அவள் சொந்தமாக எலெக்ட்ரிக் கிட்டாரோடு வரவேண்டும். இல்லையென்றால் பாந்த்ராவிலிருந்து வேறொருவர் காத்திருக்கிறார்.

"கட்டைக் கிட்டார்னா பரவாயில்லையா?" என்று கேட்டேன். அதுவும் எங்களிடம் இல்லை. சும்மா கேட்டேன்.

"ஆம்ப்ளிஃபயர் மாஸ்டர் வீட்டுலதாண்ணே இருக்கு. எங்க வீட்டுல நான் எப்படிப் பழகுவேன்? கட்டைக் கிட்டார் கரண்ட் இல்லன்னா ஊமை. இது கரண்ட் இல்லாமலும் பேசும். கரண்ட் குடுத்தா சத்தம் உருண்டையா வரும். அதக் கேட்டவங்களுக்கு வேற எதுவும் பிடிக்காது."

உருண்டையான சத்தம் என்று அவள் சொன்ன விதம் என்னைப் பிடித்துக்கொண்டது. "கிடைக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் போனதும் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏண்டா காஜா, எங்கேர்ந்துடா கிடைக்கும்? இறக்குமதி லைசென்ஸ் உங்க வாப்பா வச்சிருக்காரா? அந்தப் பொண்ணு நம்பிண்டு போறது பார்."

2. தேடின இடங்கள்

வெளிநாட்டு வாத்தியம் கடையில் வந்து இறங்காத காலம் அது. இன்றைக்கு 'வின்டேஜ்' என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். எங்களுக்கு அது செகண்ட் ஹேண்ட் சாமான். கப்பல்காரர்கள் கொண்டுவந்தால் உண்டு. ஊரைக் காலிசெய்து போகும் வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமான்களோடு விற்றால் உண்டு. ஹோட்டல் பேண்டில் ஒருவர் புதிதாக வாங்கினால், அவருடைய பழையது கைக்கு வருவதற்குள் அதற்குப் பத்துப் பேர் சொல்லிவைத்திருப்பார்கள்.

வாரம் முழுக்க வேலை முடிந்ததும் அலைந்தேன். துறைமுகப் பக்கம் ஒருவன் தார்ப்பாயை விலக்கிக் காட்டினான். பார்த்தால் மாண்டலின். சோர் பஜாரில் ஒரு பழைய சாமான் கடையில் கிட்டாரே அகப்பட்டது, ஆங்கில எஃப் எழுத்து மாதிரி வெட்டிய ஓட்டை இரண்டும் சரியாக இருந்தன. எடுத்துப் பார்த்தால் நெக், அதாவது கழுத்துக் கட்டை, வில் மாதிரி வளைந்திருந்தது. கடைக்காரர் அதை ஸ்பெஷல் மாடல் என்றார். ஹோட்டல் வாசலில் நின்று ஒரு கிட்டார் வித்வானிடம் கேட்டேன். "என் பொண்டாட்டியக் கேட்டாக்கூட யோசிப்பேன். இதக் கேக்காதே" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

கிட்டார் கடைசியில் என் வீட்டுப் பக்கமே அகப்பட்டது. தாராவியில் சுடலைமுத்து அண்ணாச்சி என்று ஒருவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். திருநெல்வேலிக்காரர். ஊருக்குப் படம் அனுப்ப எங்கள் ஆட்கள் எல்லாம் அங்கேதான் போவார்கள். என் மச்சான் ஒருநாள் தன் புதுப் படத்தைக் காட்டினான். தோல் கிடங்கில் வேலை செய்கிறவன் கோட்டு போட்டு, தாஜ்மஹால் திரைக்கு முன்னால் நிற்கிறான். கையில் கிட்டார். எஃப் ஓட்டை இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. சாயாவைக்கூடக் குடிக்காமல் ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

3. அண்ணாச்சி மறுத்தார்

நிஜமான கிட்டார்தான். ஜெர்மன் சரக்கு. நடுவில் தேன் நிறம், ஓரம் போகப்போகக் கறுப்பு. கம்பியின் அதிர்வைக் கரண்டாக்கும் பிக்கப் கழுத்தருகே ஒன்று, கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே ஒன்று. கம்பி இரண்டு இல்லை. நெக்கை ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், நூல் பிடித்தமாதிரி நேராக இருந்தது. ஒரு கப்பல்காரர் ஊருக்குப் போகும்போது பழைய கடிகாரத்தோடு சேர்த்துத் தள்ளிவிட்டுப் போனதாம்.

"அண்ணாச்சி, இத குடுப்பீங்களா?"

"எத? கிட்டாரயா? நல்லா இருக்கே வே கத. இத குடுத்துட்டு நான் என்ன செய்ய? வெறும் தாஜ்மஹால் எல்லா ஸ்டூடியோலயும் தொங்குது. இந்தக் கிட்டாருக்குத்தான் ஆளு வருது."

எங்கள் கடை கொடுக்கக்கூடிய விலையைச் சொன்னேன். சிரித்தார். ஏற்றிச் சொன்னேன். "பாய், நீரு ஊர்க்காரரு, சாயா குடிச்சுட்டுப் போம்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரோஸியிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் மறுபடியும் அங்கேயே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். காலை முழுக்க ஆள் வந்துகொண்டே இருந்தது. ஒருவர் கிட்டாரை வீணை மாதிரி மடியில் படுக்கவைத்தார். ஒருவர் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்தார். புதுமாப்பிள்ளை ஒருவர் கிட்டாரைப் பிடித்த பிடியில் பெண்டாட்டி படத்துக்குள் வரவே இடமில்லை. வந்தவர்களில் ஒருவர்கூட அதை மீட்டி ஒலி எழுப்பவில்லை. எழுப்பவேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விலையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, அண்ணாச்சிக்கு இது எதற்கு வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை.

"அண்ணாச்சி, இதவிடப் பளபளப்பா, எடை கம்மியா, ஆறு கம்பியும் இருக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு தந்தா?"

கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். "பாடுமா?"

"பாடாது."

"பாட வேண்டாம். செவப்பா இருக்குமா?"

"படம் கறுப்பு வெள்ளதானே அண்ணாச்சி, எதுக்குச் செவப்பு?"

"படம் கறுப்பு வெள்ள. வாரவன் கண்ணு கலரு வே!"

புதியதுக்குப் பழையது என்று ஒப்பந்தம் முடிந்தது. ஒரு நிபந்தனை போட்டார். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் பழையதைத் தருவார். அதுவும் புதியது அவருக்குப் பிடித்தால்.

4. சிவப்புக் கிட்டார்

ஹார்மோனியப் பெட்டிக்கு வாங்கிய பிளைவுட்டில் மிச்சம் இருந்தது. சாரிடம் கேட்டுத்தான் எடுத்தேன். பக்கவாட்டுக்கு நீராவியில் வளைத்தேன், முதல் துண்டு முறிந்தது, இரண்டாவது வளைந்தது. சத்தத்தைத் திருகிக் கூட்டுகிற நாப்களைப் பழைய ரேடியோவிலிருந்து கழற்றினேன். நெக்கில் பதிக்க முத்துச்சிப்பி இல்லை, என் கல்யாணச் சட்டைப் பட்டன்களை வெட்டிப் பதித்தேன். அந்த வாரம் முழுக்க என் வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு, நல்லவிதமாக அல்ல. மேலே கார் பெயிண்ட், ரத்தச் சிவப்பு.

தீபாவளிக் கூட்டம் ஓய்ந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி அதை வாங்கி, கண்ணாடிக்கு முன்னால் தானே பிடித்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். பிறகு தலையை வாரிக்கொண்டு வந்து மறுபடியும் நின்றார்.

"எடுத்துட்டுப் போம் பாய், அந்தக் கெழட்டுக் கிட்டார!"

5. ஓட்டை வழியாக ஓர் ஆபரேஷன்

கடையில் கொண்டுவந்து வைத்ததும் சார் பக்கத்தில் வந்தார். விரல் கணுவால் மெதுவாகத் தட்டினார். காதை வைத்தார். "உள்ளே காத்து நன்னா சுத்தறதுடா. வாத்தியம்தான் இது" என்றார். அவரிடமிருந்து அது பெரிய சர்டிபிகேட்.

கம்பி மாட்டினேன். கரண்ட் இல்லாமல் பேசியது. மாஸ்டரிடம் இரவல் வாங்கி வந்த ஆம்ப்ளிஃபயரில் செருகினால் மூச்சு இல்லை. வெளி ஒயரைச் செருகும் ஜாக்கிலிருந்து உள் ஒயர் விட்டுப்போயிருந்தது. கட்டைக் கிட்டாரில் பின்மூடியைக் கழற்றினால் எல்லாம் தெரியும். இதில் மூடியே கிடையாது. உள்ளே இருப்பதை எஃப் ஓட்டை வழியாகத்தான் வெளியே எடுக்கவேண்டும், அதே வழியாகத்தான் உள்ளே அனுப்பவேண்டும்.

ஜாக்கில் நூல் கட்டி உள்ளே விட்டு, கம்பிக் கொக்கியால் ஓட்டைக்கு இழுத்தேன். செய்தி கேட்டு வந்திருந்த ரோஸி டார்ச் பிடித்தாள். விட்ட ஒயரை ஈயத்தால் சால்டர் வைத்து ஒட்டி, நூலைப் பிடித்துத் திரும்ப இழுத்தால் ஜாக் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. "இடது பக்கம்ணே, இன்னும் கொஞ்சம், ஐயோ போச்சு, மறுபடியும்ணே" என்று டெலிபோனில் லைன் கொடுக்கிற மாதிரியே வழி சொன்னாள். ஜாக் துளையில் வந்து உட்கார்ந்தபோது கடையில் வயலின் பார்க்க வந்திருந்த மாமிகூடக் கைதட்டினார்.

செருகினோம். ரோஸி பல சுரம் சேர்ந்த ஒரு கார்டு மட்டும் வாசித்தாள். அவள் சொன்னது சரிதான். சத்தம் உருண்டையாகத்தான் வந்தது. சார் ஃபேனை நிறுத்தச் சொன்னார்.

6. ஊளை

செம்பூர் ஹாலில் கிறிஸ்துமஸ் டான்ஸ். நானும் போயிருந்தேன். அண்ணாச்சியும் கேமராவோடு வந்திருந்தார். பேண்டைப் படம் எடுக்க என்றார். ஆனால் கிட்டாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்கள் வருமுன் ஒருமுறை வாசித்துப் பார்த்தார்கள். டிரம்ஸுக்கு ஈடாக மாஸ்டர் வால்யூமை ஏற்றினார். கிட்டார் ஊளையிட ஆரம்பித்தது. ரோஸி கம்பியைத் தொடக்கூட இல்லை, அதுவாகவே கத்தியது. மாஸ்டர் காதைப் பொத்திக்கொண்டு, "அரே பந்த் கரோ, நிறுத்து!" என்றார். பிறகு அவளைப் பார்த்து, கொஞ்சம் மெதுவாக, "இது சரிப்படாது போலிருக்கே" என்றார். ரோஸியின் முகம் வெளுத்துவிட்டது.

ஸ்பீக்கர் சத்தம் கிட்டாரின் வயிற்றுக்குள் புகுந்து, கிட்டார் சத்தம் ஸ்பீக்கருக்குள் போய், இரண்டும் ஒன்றையொன்று துரத்துகின்றன. அது புரிந்தது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நான் கிட்டாரை ஸ்பீக்கரிலிருந்து தூரக் கொண்டுபோகச் சொன்னேன். ஊளை குறைந்தது, நிற்கவில்லை. ரோஸிதான் ஓட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். நின்றது.

"அண்ணே, துணி!"

என் கைக்குட்டை உள்ளே போனது. டிரம்ஸ்காரருடையது போனது. போதவில்லை. அண்ணாச்சி ஒரு கணம் தயங்கி, லென்ஸ் துடைக்கும் மஞ்சள் ஃபிளானல் துணியைக் கொடுத்தார். மாஸ்டர் வால்யூமை ஏற்றினார். ஊளை இல்லை. இன்னும் ஏற்றினார். இல்லை.

மகளைக் கூப்பிடுகிற மாதிரி, "பேட்டி, ஸ்டார்ட்" என்றார்.

அன்று ரோஸி வாசித்தபோது உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து ஆடினார்கள். இடையில் ஓர் இடத்தில் மாஸ்டர் தன் சாக்ஸஃபோனை நிறுத்திவிட்டு, அவளைத் தனியாக வாசிக்கவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அந்த நெக்கையும் பிரிட்ஜையும் மறந்து வெறுமனே கேட்டேன்.

அண்ணாச்சி படம் எடுக்கவே மறந்துவிட்டார். பாட்டு முடிந்ததும் என் பக்கம் சாய்ந்தார்.

"ஏன் பாய், இத்தன வருசம் என் செவத்துலதான தொங்குச்சு. இம்புட்டு நல்லாப் பாடும்னு ஒருத்தனும் சொல்லலியே வே."

எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. "திரும்ப வேணுமா அண்ணாச்சி?"

"சீச்சீ. இது பாடும்னு தெரிஞ்சா வாரவன் பூராம் வாசிச்சுப் பாக்கணும்பான். எப்ப நான் படம் எடுக்க?"

அதன் பிறகு எத்தனையோ கிட்டார்களைத் தேடிப் பிடித்து விற்றிருக்கிறேன். விற்பனைக்கு என்று வைத்திருந்தவர்களிடம் வாங்கியவை கொஞ்சம்தான். மற்றவை சுவரில் தொங்கின, அலமாரிக்கு மேலே கிடந்தன, ஒன்றில் ஒரு வீட்டுக்காரம்மா காய்ந்த பூவைச் செருகி வைத்திருந்தார். அவர்களில் யாரிடமும் நான் முதலில் "விற்பீர்களா?" என்று கேட்டதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதுதான். உட்காருங்கள், சாயா கொடுத்தால் குடியுங்கள், அந்தப் பொருளை வைத்து அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அந்த வேலையை வேறு எப்படி அவருக்குச் செய்து தரலாம் என்று தெரிந்த பிறகு வாயைத் திறந்தால் போதும்.