பாதித் தலை

என் அண்ணன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். இரண்டே நாற்காலி. அழுகிற குழந்தைகளை நாலு தெரு தாண்டியும் அவனிடம்தான் தூக்கி வருவார்கள். கத்தரிக்கோலைக் காதருகே சும்மா ஆட்டிக் காட்டி, குழந்தை சிரித்த பிறகே வெட்ட ஆரம்பிப்பான்.

அவன் மகனுக்கு நாலு வயதில் டாக்டர் ஆட்டிசம் என்றார். அன்று அண்ணன் கடையின் ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, முகத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தான். நான் துண்டை எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும் தங்கச்சி, விடு."

தோள் மட்டும் குலுங்கியது.

மறுநாள் வீம்பு பிடித்துக்கொண்டது. "எத்தனை பிள்ளைங்களை உக்கார வச்சிருக்கேன்! என் பிள்ளை உக்கார மாட்டானா? டாக்டருக்கு என்ன தெரியும்?"

"அவனுக்கு மெஷின் சத்தமே ஆகாதுங்க," என்றாள் அண்ணி.

கேட்கவில்லை. மகனைக் கடைக்குத் தூக்கிப்போய், இறுக்கிப் பிடித்து, மெஷினை ஓட்டினான். இடப்பக்கம் முடிவதற்குள் பிள்ளை கத்திய கத்தலில் அண்ணனின் கை நின்றுவிட்டது. வலப்பக்கம் முடி தோள்வரை அப்படியே தொங்கியது.

அதற்குப் பிறகு பிள்ளை அவனிடம் வரவில்லை. செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வான். டாக்டர் சொன்னதைவிட இதுதான் அண்ணனை உடைத்தது.

அந்த வாரமே தபால்காரர் ஷேவிங்குக்கு வந்தார். "ஊருக்கெல்லாம் வெட்டுற. சொந்தப் பிள்ளையைப் பாதியில விட்டுட்டியேப்பா! மீதிக் கூலி வரலையா?"

கடையே சிரித்தது. அண்ணன் சோப்பு நுரையோடு அவரை அப்படியே விட்டுவிட்டு, மெஷினை எடுத்துத் தன் தலையின் இடப்பக்கத்தை ஒட்ட வழித்தான். வலப்பக்கத்தைத் தொடவில்லை.

"இப்ப ரெண்டு பேரு இருக்கோம். நல்லாச் சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. வாடிக்கை கொஞ்சம் குறைந்தது. "பித்துப் பிடிச்சிடுச்சு" என்றும் பேசினார்கள். அவன் அதே தலையோடு கல்யாணத்துக்குப் போனான், வங்கிக்குப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் பவுடர் வாசனை போகக் குளிப்பான். கட்டிலோரம் தரையில் படுப்பான். கூப்பிட மாட்டான், பேச மாட்டான். பன்னிரண்டாம் நாள் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டது. வழித்த பக்கத்தைச் சொரசொரவென்று தடவிவிட்டு உள்ளே போய்விட்டது. அண்ணன் மூச்சுவிடக்கூட இல்லை என்றாள் அண்ணி.

பிறகு தினமும் அந்தக் கை வந்தது. பிள்ளையின் மீதிப் பாதியை வெட்டி முடிக்க எட்டு மாதம் ஆனது. மெஷின் இல்லை, நாற்காலி இல்லை. வீட்டுத் தரையில் கத்தரிக்கோலால் ஒரு நாளைக்கு ஒரு கொத்து. பிள்ளை கையைத் தட்டிவிட்டால் அன்றைக்கு அதோடு சரி.

பிள்ளையின் தலை சமமான பிறகும் அண்ணன் தன் தலையை மாற்றவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"சிரிச்சவங்கள்ல இன்னும் ரெண்டு பேரு என் பிள்ளையை வந்து பாக்கல."

இரண்டு பேரும் வந்தார்கள். கடைசியாக வந்தவர் தபால்காரர்.

போன மாதம் அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். மகனுக்கு இப்போது இருபத்துமூன்று வயது. "அப்பாவைக் கும்பிட்டுக்கப்பா," என்றார்கள். அவன் கும்பிடவில்லை. குனிந்து, அப்பாவின் இடப்பக்கத் தலையை ஒரு தரம் தடவிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டான்.

"பெத்தவன் போனது தெரியுதா பாரு அவனுக்கு," என்றாள் ஓர் உறவுக்காரி.

அதுவரை தலை குனிந்திருந்த அண்ணி நிமிர்ந்தாள்.

"அவனுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் பாக்கத் தெரியல."