தகட்டைத் தொட்டால் சிவப்பு

விருதுநகர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடிப்பவர்களுக்குப் போன மாதம் முழுக்க ஒரே பேச்சு. அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றை, காலேஜ் பெண் ஒருத்தி ஒரு டப்பாவை வைத்தே மூடிவிட்டாளாம். டப்பாவைப் பிடித்தால், யாருக்குச் சாவு நெருங்கிவிட்டதோ அவர்களுக்குச் சிவப்பு விளக்கு எரியுமாம். சீசன் நேரத்தில் எல்லோருக்கும் சிவப்பு எரிந்து, பெண்கள் தூக்குவாளியோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்களாம். ஜோசியர் ஒருவர் தனக்கும் ஒரு டப்பா கிடைக்குமா என்று விசாரித்ததாகக் கேள்வி.

எமனை டப்பாவில் அடைத்தவளைப் பார்க்காமல் இருக்கலாமா? விசாரித்துக்கொண்டு போனால், வந்து நின்ற இடம் காதர் பாட்சாவின் பெயின்ட் கடை. அவருடைய மகள் சுமைராதான் அவள். எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். கடையின் பின்கட்டில் டின்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலும் சால்டரிங் அயர்னும்தான் அவள் சாம்ராஜ்யம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம் ஒன்றைச் செய்து தெருவே திட்டும்படி பேர் வாங்கியவள்.

அவள் வகுப்பில் யாரும் ப்ராஜெக்ட் செய்வதில்லை, வாங்குகிறார்கள். அதற்கென்றே மதுரையில் கடை இருக்கிறது. சர்க்யூட், ரிப்போர்ட், வைவாவில் சொல்லவேண்டிய பதில் எல்லாம் ஒரே பையில் கிடைக்கும். துறைத் தலைவரே அந்தக் கடையின் முகவரியைப் போர்டில் எழுதிப் போடுவார்.

"நானும் வாங்கித் தாரேன்னுதான் சொன்னேன்" என்றார் காதர் பாட்சா. "'அப்பப் பட்டத்தையும் அங்கனயே வாங்கிருங்க அத்தா, காலேஜ் எதுக்கு'ங்குறா. இவளை என்ன செய்யச் சொல்றீக?"

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறைக்குள் நுழையுமுன், வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொடவேண்டும். உடம்பில் சேர்ந்த மின்சாரம் தகடு வழியாகக் கம்பியில் இறங்கி மண்ணுக்குப் போய்விடும். போகாமல் உள்ளே பொறியாகத் தெறித்தால் அதோடு கதை முடிந்தது. ஆகவே எல்லோரும் தொடுகிறார்கள். சிலர் தொட்டுக் கண்ணிலும் ஒற்றிக்கொள்கிறார்கள். மின்சாரம் இறங்கியதா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. சுமைரா கேட்டாள்.

அதற்காகச் செய்ததுதான் டப்பா. உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சிப், இரண்டு விளக்கு. இடது கையில் டப்பாவோடு சேர்ந்த ஸ்டீல் குழாயைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தகட்டைத் தொடவேண்டும். துளி மின்சாரம் உடம்பு, தகடு, கம்பி, மண் என்று சுற்றி, தனியாக மண்ணில் அடித்த இரும்புக் கம்பி வழியே டப்பாவுக்குத் திரும்பினால் பச்சை. வழியில் எங்கே அறுந்தாலும் சிவப்பு.

கம்பெனி முதலாளி கனகசபாபதி, பெயின்ட் கடைக்கு வாடிக்கையாளர். மருந்து கலக்காத நாளாகப் பார்த்து வரச் சொன்னார். அன்று பிடித்தவர்களுக்கெல்லாம் பச்சை. முதலாளி முடியைக் கோதிக்கொண்டு பச்சையோடு போட்டோ எடுத்துக்கொண்டார். அப்போதுதான் வரிசையில் நின்ற, மருந்து கலக்கும் செல்லத்தாய் வாயைத் திறந்தாள்.

"பாப்பா, நான் இன்னும் தகட்டையே தொடலை. அதுக்குள்ள பச்சை எரியுது. ரொம்பத் தங்கமான டப்பாதான் போ."

வரிசை சிரித்தது. வீட்டில் செருப்புப் போட்டுக்கொண்டு சோதித்த டப்பா அது. கம்பெனிக்குள் எல்லோரும் வெறுங்கால். மின்சாரம் தகட்டுப் பக்கமே போகாமல், கழுவிவிட்ட ஈரத்தரையில் கால் வழியாக இறங்கிவிட்டது. அடுத்த வாரம் சுமைரா ஒரு ரப்பர் விரிப்போடு வந்தாள். அதன்மேல் நின்று தொட்டவர்களுக்கெல்லாம் சிவப்பு. முதலாளிக்கும் சிவப்பு.

"போன வாரம் பச்சை எரிஞ்சிச்சுல்லா?" என்றார் அவர்.

"அது தப்பு, அண்ணாச்சி."

"இது தப்பா இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். தகட்டைத் தேச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்."

"தேய்க்கவா? ஆயுத பூஜைக்கு அடிச்ச பெயின்ட்டு தாயி. தங்கக் கலரு."

செம்பு பச்சை பூத்து அசிங்கமாக இருக்கிறது என்று வருஷா வருஷம் தகட்டுக்கு எனாமல் அடித்திருக்கிறார். இத்தனை நாளும் கண்ணில் ஒற்றிக்கொண்டது அந்த எனாமலைத்தான். "நம்ம கடைப் பெயின்ட்டுதான்" என்று நம்மிடம் சொன்னார் காதர் பாட்சா, பெருமையை மறைக்கத் தெரியாமல். "கரண்டே தாண்ட முடியலைன்னா எம்புட்டுத் தரம்னு பாத்துக்கோங்க."

கனகசபாபதி காலேஜுக்குப் போன் போட்டார். துறைத் தலைவர் சுமைராவைக் கூப்பிட்டார்.

"பச்சை எரிஞ்ச போட்டோ இருக்குல்ல? அதை ரிப்போர்ட்ல போட்டுட்டு நிம்மதியா பாஸ் பண்ணும்மா."

"அது கால் வழியா வந்த பச்சை, சார்."

"கையோ காலோ, பச்சை பச்சைதானே? சிவப்போட வர்றதா இருந்தா வைவாவுக்கே வராதே."

"சிவப்போடதான் வருவேன், சார். மார்க் போடாம விடுறது உங்க இஷ்டம்."

மறுநாள் கம்பெனியில் மருந்து அறைப் பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். "தேச்சுவிடுங்க, போறோம்" என்றாள் செல்லத்தாய். "இல்லையா, முதல்ல நீங்க உள்ள போய் ஒரு நாள் கலக்குங்க, நாங்க இங்கன நின்னு பாக்கோம்." கம்பெனி மூடியது என்று ஊர் சொன்னது இதைத்தான், மூடியிருந்தது மத்தியானச் சாப்பாடு வரை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள், செம்பு வெளியே வந்தது, சுமைரா வந்து டப்பாவை வைத்துப் பார்த்தாள், பச்சை எரிந்தது. டப்பாவை மட்டும் பெண்கள் திருப்பித் தரவில்லை. வைவா நெருங்கியிருந்தது. ஆனாலும் சுமைரா "வச்சுக்கோங்கக்கா" என்றுவிட்டுப் பஸ் ஏறினாள்.

புதிதாக ஒன்று செய்ய வேறெல்லாம் கடையின் பின்கட்டில் கிடந்தது. சிப் மட்டும் இல்லை. கூடப் படிக்கும் மணிகண்டராஜ், தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி ஒன்றை மதுரையில் வாங்கி வைத்திருந்தான்.

"ஏலே மணி, உன் தொட்டி ஒரு நாளாவது திறந்திருக்கா?"

"இல்லை."

"அப்ப அந்தச் சிப்பைக் கழட்டித் தா."

"வைவா முடிஞ்சதும் தந்திரணும்."

வைவா அன்று, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் விரிப்பில் ஏறி, குழாயைப் பிடித்து, லேபின் எர்த் தகட்டைத் தொட்டார். சிவப்பு.

"டப்பா சரியில்லை, சார். அப்பவே சொன்னேன்" என்றார் துறைத் தலைவர்.

"டப்பா சரியாத்தான் இருக்கு. லேபுலதான் எர்த் இல்லை" என்றாள் சுமைரா.

தேர்வாளர் குனிந்து, தகட்டிலிருந்து போன கம்பியைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாக நடந்தார். கம்பி ஜன்னல் வரை போய், மரச்சட்டத்தில் அழகாக ஒரு முடிச்சுப் போட்டு முடிந்திருந்தது. அவர் திரும்பி வந்து மார்க் போட்டார். வகுப்பிலேயே அதுதான் அதிகம்.

மறுநாளே அந்தச் சர்க்யூட், துறையின் சாதனை என்று எழுதிய அட்டையோடு கண்ணாடி பீரோவுக்குள் போய்விட்டது. சாவி துறைத் தலைவரிடம். தொட்டியின் மூடியைக் கையால் திறந்து காட்டி மணிகண்டராஜும் பாஸாகிவிட்டான். ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் சிப்பைக் கேட்கிறான்.

"பீரோவுக்குள்ள இருக்கு. சார்கிட்ட போய்க் கேளு" என்கிறாள் சுமைரா.

அவன் இன்னும் போய்க் கேட்கவில்லை.