பட்டன் மட்டும்தான் பாக்கி

“இன்னும் வெட்டவே இல்லைங்க” என்று போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி சொல்கிறார் மாஸ்டர். சொல்லும்போதே அவர் கை ஒரு துணியை வெட்டிக்கொண்டிருக்கிறது, அது வேறொருவருடையது. தையல் கடைக்குப் போன் செய்தால் கிடைக்கக்கூடிய பதில்கள் உலகத்தில் மொத்தம் நான்கோ ஐந்தோதான். இது அவற்றில் இல்லை. எனவே கேட்டவருக்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை.

“அப்போ எப்பதான் வெட்டுவீங்க?”

“வியாழக்கிழமை. வியாழன் முடியாதுன்னா புதன்கிழமையே நானே கூப்பிட்டுச் சொல்லிடுவேன்.”

போன் வைக்கப்படுகிறது. மூலையில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி தலை நிமிராமல், “போச்சு. இன்னொரு கிராக்கி” என்கிறார்.

“போகலை. வியாழக்கிழமை வருவாங்க.”

அவர்கள் வியாழக்கிழமை வந்தார்கள் என்பதுதான் இந்த மனிதரைப் பற்றி எழுத வேண்டிய முதல் அதிசயம்.

ஐம்பத்தாறு வயது. ஒல்லி. கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் எதிரே வந்தால் சொந்த மனைவியே யாரோ என்று வழிவிட்டு ஒதுங்குவார். தெரு அவருக்கு வைத்த பெயர் ‘நாளைக்கு’. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒட்டிக்கொண்டது. என்ன கேட்டாலும் நாளைக்கு. அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. ஆனாலும் எதிர்க்கடையில் சாவி செய்கிறவர் இன்றும், “நாளைக்கு அண்ணே, டீ சொல்லட்டுமா?” என்று கூப்பிட, இவரும் கூச்சமில்லாமல், “இன்னிக்கே சொல்லுப்பா” என்று திருப்பிக் கொடுக்கிறார்.

குடியை விட்டவர்களில் எத்தனையோ ரகம். விடியற்காலையில் எழுந்து ஓடுகிறவர் உண்டு. தொட்டியில் செடி வைத்து அதனோடு பேசுகிறவர் உண்டு. மாஸ்டர் குடியோடு சேர்த்துப் பொய்யையும் விட்டுவிட்டார். முதலாவதைப் பொறுத்துக்கொண்ட ஊர், இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் சிரமப்பட்டது.

அவர் தரும் விளக்கம் இது: “‘எல்லாம் முடிஞ்சுதுங்க, பட்டன் மட்டும்தான் பாக்கி’ன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன் தெரியுமா? துணி கொண்டுவந்த பையிலேயே தூங்கிட்டிருக்கும். அப்படிச் சொல்லிப் பழகின நாக்குதான் சார், சாயங்காலமானா ‘ஒரே ஒரு கிளாஸ்’னு என்கிட்டயே சொல்லும். கிராக்கியாவது சந்தேகப்படுவாங்க. நான் அப்படியே நம்பிடுவேன்.”

ஆகவே பட்டனையும் கிளாஸையும் ஒரே நாளில் தலைமுழுகினார். முதல் வருடம் வியாபாரம் படுத்தது. ஒருவர் வந்து, “ஒம்பது நாளா? அடுத்த தெருவுல மூணே நாள்ல தர்றேங்கறான்” என்று மிரட்டினார். “தர மாட்டான்” என்றார் மாஸ்டர். “எப்படிச் சொல்றீங்க?” “நானே அப்படிச் சொல்லிக்கிட்டிருந்தவன்தானே?” இன்னொரு அம்மாள் போனில் ஒரு படத்தைக் காட்டி, “இந்த மாடல் நல்லா இருக்குமா?” என்றார். மாஸ்டர் படத்தைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். “அந்தப் பொண்ணுக்கு ரொம்ப நல்லா இருக்கு” என்றார். மேசைக்கு அடியில் மனைவியின் கால் அவர் கணுக்காலைத் தேடி உதைத்தது. அன்று முதல் கடையில் ஓர் அதிகாரப் பகிர்வு அமலில் இருக்கிறது. “தேதி கேக்கணும்னா அவரைக் கேளுங்க. அழகைப் பத்திக் கேக்கணும்னா என்னைக் கேளுங்க” என்று மனைவி வாசலிலேயே சொல்லிவிடுகிறார்.

மற்றபடி அவருடைய பழக்கங்கள் சாதாரணமானவை, கூர்ந்து பார்க்காதவரை. மாலை ஐந்தரைக்கு இரண்டு வாழைப்பழம். பசியோடு ஆறு மணியின் முகத்தில் விழிக்கக் கூடாது என்பது கட்டளை. சரியாக ஆறுக்கு ஒரு போன். மறுமுனையில் ஒரு பஸ் டிரைவர். குடியை விட்டவர்களின் புதன்கிழமைக் கூட்டத்தில் கிடைத்த கூட்டாளி. உரையாடல் முழுவதையும் இங்கே தர முடியும்:

“என்ன?”

“ஒண்ணுமில்ல. உனக்கு?”

“முட்டி வலி.”

“எந்த முட்டி?”

“நேத்து சொன்ன அதே முட்டிதான்யா.”

“சரி.”

“சரி.”

ஆறு வருடத்தில் ஒரு நாளும் தவறவில்லை. “அந்த முட்டி இல்லேன்னா நான் இல்லை” என்கிறார் மாஸ்டர், முழு நன்றியுணர்வோடு.

கடையிலிருந்து வீட்டுக்கு நேர்வழியில் போனால் நான்கு நிமிடம். அந்த வழியில் மதுக்கடை இருந்ததால் பதினெட்டு நிமிடச் சுற்றுவழியைத் தேர்ந்தெடுத்தார். போன வருடம் மதுக்கடை இடம் மாறியது. எங்கே என்கிறீர்கள்? அந்தச் சுற்றுவழிக்கே! “நான் விட்டாலும் அது என்னை விடாது போல” என்று சிரித்துவிட்டு இப்போது இருபத்தாறு நிமிடம் நடக்கிறார். பழைய நேர்வழி காலியாகத்தானே கிடக்கிறது என்று கேட்டால், “அங்க என் கால் பழைய பழக்கத்துல தானா நின்னுடும் சார். கடை போனது காலுக்குத் தெரியாது.” மனைவியின் கவலை வேறு: “இன்னொரு தடவை அந்தக் கடை இடம் மாறிச்சுன்னா, இவர் வீட்டுக்கு வர்றதுக்குள்ள மறுநாள் கடை திறக்கிற நேரம் வந்துடும்.”

புதன்கிழமைக் கூட்டத்தில் டீ கொடுப்பது அவர் பொறுப்பு. புதிதாக வருகிறவருக்கு அரைக் கோப்பைதான் ஊற்றுவார். கஞ்சத்தனம் என்று நினைத்தால் தப்பு. “முதல் நாள் கை நடுங்கும். முழுசா ஊத்தினா சிந்தும். சிந்தினா வெட்கமா இருக்கும். வெட்கப்பட்டவன் அடுத்த வாரம் வர மாட்டான். அரைக் கோப்பை ரெண்டு தடவை குடிச்சா போச்சு.” இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் சற்றுத் தாழ்கிறது. அடுத்த கணமே, “உங்க இடுப்பு போன தடவையைவிட ரெண்டு இஞ்ச் கூடியிருக்கு” என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவிக்கிறார்.

இப்படி ஊருக்கெல்லாம் உண்மையைத் தைத்துக் கொடுத்தவருக்கு ஒரே ஒரு ஆள் மட்டும் பதினோரு வருடமாகத் துணி கொடுக்கவில்லை. அவர் மகள்.

பதினான்கு வயதில் பள்ளி நாடகத்தில் மகளுக்கு ராணி வேடம். ராணி உடுப்பு அப்பா பொறுப்பு. “பட்டன் மட்டும்தான் பாக்கி” என்று ஒரு வாரம் சொன்னார். நாடகத்தன்று தள்ளாடிக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார். பட்டன்கள் அத்தனையும் அழகாக இருந்தன. கை ஒன்றுதான் இருந்தது. ராணி ஒரு தோளில் துண்டைச் சுற்றிக்கொண்டு, போரில் காயம் என்று தானே ஒரு வசனத்தைச் சேர்த்துக்கொண்டு நடித்து முடித்தாள். கைதட்டல்கூடக் கிடைத்தது. அதன்பிறகு அவள் உடம்பில் ஏறியதெல்லாம் ரெடிமேட்.

இப்போது அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஒரு மதியம் தந்த நிறத்தில் ஒரு துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்து நின்றாள். மனைவியின் மெஷின் நின்றது. எதிரே சாவிக்காரரின் அரமும் நின்றது.

“அப்பா, கல்யாணத்துக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. அதுவரைக்கும் குடிக்க மாட்டேன்னு சொல்லு. கல்யாண உடுப்பை நீயே தை.”

இவ்வளவு நாளும் அவர் கேட்கத் துணியாத ஒன்று, தானே நடந்து வந்து மேசைக்கு எதிரே நிற்கிறது. ‘சரி’ என்ற இரண்டெழுத்தைச் சொன்னால் போதும். மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார்.

“இன்னிக்குக் குடிக்க மாட்டேன்மா.”

“அஞ்சு வாரம்ப்பா.”

“அஞ்சு வாரத்தைப் பத்தி எனக்குத் தெரியாது. இன்னிக்கு இல்ல. அவ்வளவுதான் என் கையில இருக்கு.”

“ஏங்க!” மனைவியின் குரல் தெருவைத் தாண்டியது. “பெத்த பொண்ணு கேக்கறா. ஒரு ‘சரி’ சொன்னா உங்க வாய் கோணிடுமா? ஆறு வருஷமா குடிக்காத மனுஷன் அஞ்சு வாரம் குடிக்காம இருக்க மாட்டாரா?”

“இருப்பேன்னுதான் நினைக்கிறேன். ஆனா தெரியாது.”

மகள் துணியை மடித்தாள். போய்விட்டாள்.

அன்று ஆறு மணிப் போன் மூன்று மணிக்கே போனது. டிரைவர் பஸ்ஸை நிறுத்துமிடத்தில் போட்டுவிட்டு முழுக்கதையையும் கேட்டார். “யோவ், சரின்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே” என்றார்.

“சொல்லியிருந்தா?”

டிரைவர் யோசித்தார். “சொல்லியிருந்தா இப்ப எனக்குப் போன் பண்ணியிருக்க மாட்டே” என்றார். பிறகு வழக்கம்போல முட்டியைப் பற்றிப் பேசினார்கள். அன்று மட்டும் அரை மணி நேரம். மாஸ்டர் வலது முட்டி, இடது முட்டி இரண்டையும் விசாரித்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மகள் மறுபடி வந்தாள். கையில் அதே துணி.

“இன்னிக்கு?”

“இன்னிக்கு இல்ல.”

“அளவு எடு.”

அளவு எடுத்தார். வெட்டச் சொன்னாள். வெட்டினார். மொத்தம் பதினோரு துண்டுகள். எல்லாவற்றையும் வாரிப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டே இரண்டு துண்டுகளை மட்டும் மேசைமேல் வைத்தாள். “ஒவ்வொரு நாளும் கேப்பேன். இல்லைன்னு சொன்னா, அன்னிக்கு எவ்வளவு தைக்கலாமோ அவ்வளவு கொடுப்பேன். சாயங்காலம் வந்து வாங்கிக்குவேன்.”

மாஸ்டர் துண்டுகளைப் பார்த்தார். இரண்டும் கைகள்.

“பாப்பா, கையைக் கடைசியிலதான் வைக்கணும். உடம்பைத் தைச்சு, அப்புறம்தான் கை.”

“எனக்குக் கைதான் முதல்ல.”

முப்பத்தைந்து வருட அனுபவம் வாய் திறக்கப் பார்த்தது. மூடிக்கொண்டது. ஊரில் எல்லா டெய்லரும் உடம்புக்குக் கை தைப்பார்கள். இவர் கைக்கு உடம்பு தைக்க ஆரம்பித்தார். முதல் நாள் முடிவில் இரண்டு முழுக் கைகள் ஜோடியாக ஹேங்கர்களில் தொங்கின, உள்ளே ஆள் இல்லாமல். சாவிக்காரர் வந்து பார்த்து, “ஆள் எப்ப வருவாரு அண்ணே?” என்றார்.

அதன்பிறகு கல்யாண உடுப்பு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தது. காலையில் ஒரு முதுகு வரும், மாலையில் திரும்பும். மறுநாள் முன்பக்கம் வரும், ஆனால் முதுகு வீட்டிலேயே இருந்துவிடும். “எதோட இதைச் சேர்க்கறது?” என்று இவர் கேட்க, அவள் கண்ணாடிக் கடையிலிருந்து ஆட்டோ பிடித்து முதுகைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடுவாள். கைக்குழி கைகளுக்குப் பொருந்தாமல் இரண்டு முறை பிரித்தார். மேல் துண்டின் இடுப்பையே ஒருநாள் திருத்தி வெட்டினார். “முட்டாள்தனமான முறை. இதைவிட முட்டாள்தனமா ஒரு உடுப்பைத் தைக்க முடியாது” என்று மகளிடமே உண்மையைச் சொன்னார். சொன்னபோது அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். வாடிக்கையாளர்கள் தங்கள் துணியைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, “இன்னிக்கு எந்தத் துண்டு மாஸ்டர்?” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

மாலைகளில் போட்டுப் பார்த்தல். ஆள் உயரக் கண்ணாடி முன்னால் அவள் நிற்பாள். மாஸ்டர் வாய் நிறைய குண்டூசிகளைக் கவ்வியபடி சுற்றிச் சுற்றி வருவார். (“வாயில ஊசி இருக்கிற வரைக்கும்தான் இந்தக் கடைக்கு நிம்மதி” என்பது மனைவியின் கருத்து.) மகள் கண்ணாடியில் தன்னைப் பார்க்க மாட்டாள். அவர் விரல்களைப் பார்ப்பாள். ஊசி துணிக்குள் போய் வெளியே வரும்வரை இமைக்க மாட்டாள். பார்வை சோதிப்பது அவள் தொழில். அந்தப் பார்வைக்கு முன்னால் மாஸ்டரும் சின்ன எழுத்தைப் படிக்கிற நோயாளி மாதிரி வியர்ப்பார்.

நான்காவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி. கழுத்துப்பட்டி மட்டும் மிச்சம். மகள் வேலை முடித்து நேராக வந்து உடுப்புக்குள் நுழைந்து நின்றாள். அன்று கடைக்கு வந்த ஒரு தாத்தாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுத்துப் பலகையைக் காட்டினால் அவர் அதைப் படிக்காமல், எழுத்து மோசம் என்று குறை சொன்னாராம். மாஸ்டர் ஊசிகளுக்கு இடையே சிரித்தார். பட்டியை அவள் கழுத்தில் சுற்றி, தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் முதல் ஊசியைக் கொண்டுபோனார்.

மூலையிலிருந்து மனைவி கேட்டார்: “ஏண்டி, காலையில பையை வச்சுட்டு விறுவிறுன்னு போயிட்டியே. இன்னிக்கு நீ அவரை ஒண்ணும் கேக்கலையே?”

“என்னத்தைக் கேக்கணும்?” என்றாள் மகள்.

கேட்டுவிட்டு, தாடையை அண்ணாந்து தூக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயை அகலத் திறந்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள். மாஸ்டர் ஊசியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, அது முடியும்வரை அசையாமல் நின்றார்.