பாலத்துக்கு இந்தப் பக்கம் வெறுந்தலை

சான் ருஃபினோ நகரில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பைக் ஓட்டியதற்காக முதன்முதலில் பிடிபட்டவள் லியோனிசா. பாலத்தை ஒட்டிப் பஞ்சர் கடை வைத்திருப்பதால் எல்லாவற்றையும் நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

அவள் ரொட்டிக்காரி. விடிந்ததும் பைக்கின் பின்னால் பான்டெசால் ரொட்டிக் கூடையைக் கட்டிக்கொண்டு அக்கரைக் கிராமங்களுக்குப் போவாள். அவள் கணவன் எர்மின் சந்தை வளைவில் பைக்கிலிருந்து மெதுவாகத்தான் விழுந்தான். நடைபாதைக் கல்லில் தலை பட்டது; பிழைக்கவில்லை. வெயில் என்று ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியிருந்தான். முழங்கைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்குப் பிறகு, தெருமுனைக்கு உப்பு வாங்கப் போனாலும், பைக்கில் என்றால் லியோனிசா ஹெல்மெட்டோடுதான் போனாள்.

பிறகு ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் பைக்கில் வந்து ஒரு ரோடு காண்டிராக்டரைச் சுட்டுவிட்டுப் போனார்கள். காண்டிராக்டர் பிழைத்துக்கொண்டார். சுட்டவர்கள் யாரென்று தெரியவில்லை. நகர மன்றம் அவசரமாகக் கூடியது. துப்பாக்கியை ஒழிப்பதா, ஹெல்மெட்டை ஒழிப்பதா என்று யோசித்து, எது சுலபமோ அதைச் செய்தது. பொதுமக்களின் பாதுகாப்புக்காக, ஊருக்குள் பைக் ஓட்டும் எவரும் எந்த வகை ஹெல்மெட்டும் அணியக் கூடாது. பாலத்தைத் தாண்டினால் தேசிய நெடுஞ்சாலை. அங்கே நாட்டுச் சட்டப்படி, ஹெல்மெட் இல்லாவிட்டால் அபராதம்.

சட்டம் வந்த வாரமே போக்குவரத்துக் காவலன் டோமெங் என் கடை வாசலில் அவளை நிறுத்தினான்.

"லியோனிசாக்கா, ஹெல்மெட்டக் கழட்டுங்க."

"எதுக்குடா?"

"மூஞ்சி தெரியணும். ஆளு யாருன்னு தெரியாம எப்படி விடறது?"

"தெரியாமதான் பேரச் சொல்லிக் கூப்டியா?"

டோமெங் அபராதச் சீட்டில் அவள் பெயரை, அவளைக் கேட்காமலே, சரியாக எழுதினான்.

அவளும் அடங்கிப் பார்த்தாள். ஊருக்குள் வெறுந்தலை, அக்கரையில் ஹெல்மெட். ஆனால் பாலத்தைக் கடந்து இறங்கிப் போடுவதற்குள் நெடுஞ்சாலை அதிகாரி பிடித்துக்கொண்டார்.

"பாலம் முடியறதுக்குள்ள போட்டிருக்கணும்மா."

"பாலத்து நடுவுல நிறுத்தினா பரவால்லையா சார்?"

"அதுக்குத் தனி அபராதம்."

அன்றைக்குத்தான் அவள் இலவச சட்ட உதவி வக்கீல் பெலார்மினோவிடம் போனாள். அவருக்கு அதுவரை சேவல் திருட்டு வழக்குகளே வந்துகொண்டிருந்தன. விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்று கோட்டை மாட்டிக்கொண்டார்.

நீதிமன்றத்தில் நகர மன்றத்து வக்கீல், தலை லியோனிசாவுக்குச் சொந்தம் என்றாலும் அதன் முன்பக்கம் பொதுமக்களுக்கும் உரியது என்று வாதாடினார். உயிர் வாழும் உரிமை மண்டையோட்டுக்குள்ளேதான் குடியிருக்கிறது என்றார் பெலார்மினோ. கடைசியில் நீதிபதி லியோனிசாவையே கேட்டார்.

"இந்தச் சட்டத்தால உங்க தலைக்கு இதுவரைக்கும் அடி ஏதாவது பட்டிருக்கா?"

"இன்னும் இல்லீங்கய்யா."

"அப்போ பாதிப்பு இன்னும் ஏற்படலை. ஏற்பட்டதும் வாங்க."

வழக்கு தேதி குறிக்காமல் தள்ளிவைக்கப்பட்டது.

மழைக்காலத் தொடக்கத்தில், சந்தை நிறைந்திருந்த ஒரு காலையில், இரண்டு பேர் பைக்கில் வந்து அரிசி வியாபாரி ஒருவரைத் தொடையில் சுட்டார்கள். சட்டத்தை மதித்து இருவரும் வெறுந்தலையோடு வந்திருந்தார்கள். முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் போலீஸ் கேட்டபோது சந்தையில் ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

"நான் மீனுக்குச் செதில் எடுத்துட்டிருந்தேன்" என்றாள் மீன்காரி பாசிங். "வேற எதையும் பாக்கல."

சந்தைக் கேமராவும் பார்க்கவில்லை. திருவிழாவுக்கு வாழ்த்துச் சொல்லும் மேயரின் பேனர் அதன் மேல் தொங்கியது.

லியோனிசா மட்டும் காவல் நிலையத்துக்குப் போய்ப் பார்த்ததைச் சொன்னாள். ஏன் போனாய் என்று கேட்டேன். "கெடந்தவர சுத்தி எல்லாரும் சும்மா நின்னாங்க. எர்மின் கெடந்தப்பவும் இப்படித்தான் நின்னாங்க" என்றாள்.

வாக்குமூலத்தை வாங்கிக்கொண்ட இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "ஜாக்கிரதையா இருங்கம்மா. வெளிய போனா மூஞ்சி தெரியாம போங்க."

"சட்டம் விடாதே சார்."

இன்ஸ்பெக்டர் மேயருக்குப் போன் போட்டார். நகர மன்றம் மறுபடி கூடி, குற்ற வழக்குச் சாட்சிகள் மட்டும் ஊருக்குள் ஹெல்மெட் அணியலாம் என்று திருத்தம் கொண்டுவந்தது. ஒருமனதாக நிறைவேறிற்று. இனி ஊருக்குள் ஹெல்மெட்டோடு ஒரே ஒரு தலை போனால் அது யாருடையது என்று சுட்டவர்களுக்கும் தெரிந்துவிடும் என்பது எந்த மன்ற உறுப்பினருக்கும் தோன்றவில்லை.

பாசிங்குக்குத் தோன்றியது. என் கடையில் சக்கரத்துக்குக் காற்றடிக்க வந்தவள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். "இது பாதுகாப்பா? அவ தலைல விளக்கேத்தி அனுப்பற மாதிரில்ல இருக்கு." மறுநாள் அவளே ஹெல்மெட்டோடு வந்தாள். டோமெங் விசில் ஊதினான்.

"நானும் சாட்சிதான்" என்றாள் பாசிங்.

"செதில் எடுத்துட்டிருந்ததா சொன்னீங்களேக்கா."

"கண்ணுமா செதில் எடுக்கும்?"

அவளைப் பார்த்துக் காய்கறிக்காரர்கள், ஐஸ்காரன், சவப்பெட்டிக் கடைக்காரர் என்று ஒவ்வொருவராக ஹெல்மெட்டோடு கிளம்பினார்கள். பலர் லியோனிசாவுக்காகப் போட்டார்கள். சிலர் மழைக்காகப் போட்டார்கள். டோமெங் எல்லோரையும் சாட்சி என்றே எழுதிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் அத்தனை பேருக்கும் சம்மன் அனுப்பினார். மழைக்காகப் போட்டவர்கள் உடனே கழற்றிவிட்டார்கள். பாசிங்கும் இன்னும் சிலரும் கழற்றவில்லை. காவல் நிலைய பெஞ்சில் ஹெல்மெட்டை மடியில் வைத்து வரிசையாக உட்கார்ந்து, பார்த்ததைச் சொன்னார்கள். சுட்ட இருவரும் பக்கத்துத் தீவில், படகுத்துறையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிடிபட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் லியோனிசாவின் வழக்கு திரும்ப வந்தது. மனுதாரர் ஹெல்மெட் அணிய இப்போது அனுமதி இருப்பதால் அவருக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். பெலார்மினோ எழுதி வைத்திருந்த நீண்ட உரையை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். லியோனிசா அவருக்கு ஒரு பை நிறைய ரொட்டி கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

சட்டம் இன்னும் இருக்கிறது. எங்கள் ஊரில் புதிதாக பைக் வாங்குகிறவர்கள் இப்போது முதலில் காவல் நிலையத்துக்குப் போய், சாட்சி தேவைப்படுகிற வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள்.