பிழையில்லாத மோட்டர்

கிளிநொச்சியில் தண்ணீர்ப் பம்புகளுக்கும் மில் மோட்டர்களுக்கும் கம்பி சுற்றிப் பிழைத்தவன் நான். பாட்டுக்கும் எனக்கும் வெகு தூரம். அப்படியிருந்தும் அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் வேதக் கோயில் சுவாமியார் ஆளனுப்பிக் கூப்பிட்டார். மலைநாட்டுத் தோட்டத்தை விற்றுவிட்டுப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவரின் மின்சார ஓர்கன் அந்தக் கோயிலுக்கு வந்திருந்தது. வாங்கிக் கொடுத்தவர் றோட்டுக்கு அந்தப் பக்கம் நெல்லு மில் வைத்திருந்த முதலாளி. கோயிலுக்குக் கரண்ட் வந்ததும் அந்த மில்லில் இருந்துதான். வந்து மூன்று மாதத்தில் ஓர்கன் ஊமையாகிவிட்டது.

பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு மோட்டர், அது சுழற்றும் நீண்ட அச்சு, அச்சோடு சேர்ந்து ஓடும் பல் வைத்த சின்னச் சின்ன இரும்புச் சில்லுகள், ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால் ஒரு காந்தம். சில்லு சுழலும் வேகம்தான் சுருதி. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு பகல் பிடித்தது. மோட்டர் ஏன் நின்றது என்று விளங்க ஒரு நிமிடமும் பிடிக்கவில்லை. எண்ணெய்க் குழியில் விரலை விட்டு மணந்தேன். தேங்காயெண்ணெய். கோயிலில் மணியடித்து விளக்கேற்றும் சங்கிலித்தாம், பீடத்து விளக்குக்கு விடும் எண்ணெயையே இதற்கும் விட்டிருக்கிறார்.

“கோயில் சாமானுக்குக் கோயில் எண்ணெய்தானே தம்பி விடவேணும்” என்றார் அவர்.

கிழவரோடு கோபிக்க முடியவில்லை. எண்ணெய் இறுகிப் பிசினாகிக் கிடந்தது. குழியிலிருந்து ஒவ்வொரு அச்சுமுனைக்கும் எண்ணெயைக் கொண்டுபோகும் நூல்கள் விறைத்துப் போயிருந்தன. நாலு நாள் மண்ணெண்ணெயும் கோழியிறகுமாகக் கிடந்து கழுவினேன். மோட்டரைக் கழற்றி வெயிலில் காயவைத்தேன். நூல்களை மாற்றித் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன்.

வாசிப்பவர் கோயில் பள்ளிக்கூடத்து ரீச்சர். ஐம்பது வயதிருக்கும். அதற்கு முன் காலால் மிதிக்கும் பழைய ஆர்மோனியப் பெட்டியில் இருபது வருடம் வாசித்தவர். புருஷனும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஓர்கன் வாங்கில் போய் இருப்பது ஒன்றுக்காகவே அவர் மற்ற ஆறு நாளும் சீவிப்பதாகச் சங்கிலித்தாம் சொன்னார்.

முதல் சுவிச்சைப் போட்டு, மோட்டர் வேகம் எடுக்கும்வரை பிடித்திருந்து, பிறகு மற்றதைப் போடவேண்டும். அதை ரீச்சருக்கு இன்னொருதரம் செய்து காட்டினேன். அவர் வாசித்தார். எனக்கே மயிர் கூச்செறிந்தது. பாட்டின் நடுவில் சத்தம் மெல்லச் சரிந்து இறங்கியது. அவர் கையை எடுத்தார்.

“தம்பி, சுருதி இறங்குது.”

நான் காது கொடுத்தேன். றோட்டுக்கு அங்கால் மில் எஞ்சின் முக்கி முனகியது. நெல் கொட்டும்போது எஞ்சின் இளைக்கும், அதே பட்டியில் ஓடிக் கோயிலுக்குக் கரண்ட் தரும் டைனமோவும் இளைக்கும், ஓர்கனும் இளைக்கும். அவ்வளவுதான்.

“மோட்டரில பிழை இல்லை ரீச்சர். மில்லில நெல்லுப் போடேக்கைதான் இப்பிடி. பூசை நேரம் நெல்லுக் குத்துறதை நிப்பாட்டிப்போட்டு எஞ்சினை மட்டும் ஓடவிட்டால் சரி.”

“அப்ப நீங்களே முதலாளியிட்டைச் சொல்லுங்கோ. நான் சொன்னால் எடுபடாது.”

“ஓம், சொல்லுறன்” என்றேன்.

சொல்லவில்லை. அறுவடைக் காலம், முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் நெல் குத்தாத மில் இப்போது ஏழு நாளும் குத்தியது. நெல் வண்டிகள் வரிசையில் நின்றன. அந்த மில்லின் மோட்டர் எல்லாம் என் கையில்தான் இருந்தது, என் அடுப்பு எரிந்ததும் அதில்தான். ஒரு மணித்தியாலம் நெல்லுக் குத்துறதை நிறுத்துங்கோ என்று அந்த மனிதரிடம் கேட்க எனக்கு நா எழவில்லை. ஒருவேளை தானாகச் சரிவரும் என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டேன்.

திருநாள் பூசையில் ஓர்கன் மூன்று தரம் சரிந்தது. பாடகர் குழு ஒரு பக்கம் போக, ஓர்கன் இன்னொரு பக்கம் போனது. பின் வரிசையில் சிரித்தார்கள். பூசை முடிந்ததும் சுவாமியாரின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ரீச்சர் நின்றார். முதலாளி கதிரையில் இருந்தார். கொழும்பில் பியானோ படித்த பெண்ணை அவருடைய மகன் அப்போதுதான் கட்டியிருந்தான். ஓர்கன் யாருக்காக வந்தது என்று எனக்கு அந்த நேரம்தான் விளங்கியது.

“மில்லில நெல்லுப் போட்டால்தான் சுருதி இறங்குது சுவாமி” என்றார் ரீச்சர். “தம்பியைக் கேளுங்கோ.”

முதலாளி என்னைப் பார்த்தார். “மில்லின்ரை கதையை விடு. நீ திருத்தின மோட்டரில பிழை இருக்கோ, இல்லையோ? அதைச் சொல்லு.”

“மோட்டரில பிழை இல்லை” என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் என் கெட்டித்தனம். மிச்சத்தையும் சொல்வேன் என்று ரீச்சர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சுவரைப் பார்த்தேன்.

“அப்ப பிழை விரலிலதான்” என்றார் முதலாளி. கோயிலுக்குக் கரண்ட் தருபவரோடு சுவாமியார் என்ன பேசுவார்? ரீச்சர் ஓர்கனைப் பூட்டும் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு கிழமை கழித்து முதலாளியின் மருமகள் வாசித்தாள். சைவக்காரன் எனக்கு அங்கே என்ன வேலை? ஆனாலும் போய் வாசலில் நின்றேன். பாட்டுகள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு சொட்டும் சரியவில்லை. சனம் மெய்ம்மறந்து கேட்டது. ரீச்சர் பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் முக்காட்டோடு இருந்தார். பாடவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்த சுவாமியார் என் தோளில் தட்டி, “நல்லாத் திருத்திப் போட்டீர்” என்றார். அவர் போனபின் ரீச்சர் குடையை விரித்தபடி என்னருகில் வந்து நின்றார். குரலில் கோபம் இல்லை. பாடம் கேட்பது போலத்தான் கேட்டார்.

“தம்பி, இண்டைக்கு மில்லில நெல்லுக் குத்தேல்லையோ?”

எதிரே மில் கதவு பூட்டிக் கிடந்தது, உள்ளே எஞ்சின் மட்டும் சுமையில்லாமல் ஒரே சீராக ஓடியது. வாசலில் எட்டுப் பத்து வண்டிகள் நெல்லோடு காத்து நின்றன.

“தெரியாது ரீச்சர்” என்றேன்.