கல்லணை வேண்டாம், பெரிய கோயில் வேண்டாம்

அறிவியல் வரலாறு என்று புதிதாக ஒரு பாடம் வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும், தலைப்பை நீங்களே சொல்லுங்கள் என்று ஆசிரியர் கேட்டபோது வகுப்பில் யாரும் யோசிக்கவே இல்லை. தஞ்சாவூர்ப் பிள்ளைகள் வேறு எதைச் சொல்வோம்? பாதிப் பேர் கல்லணை என்றார்கள், மீதிப் பேர் பெரிய கோயில் என்றார்கள். ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"கல்லணை வேண்டாம். பெரிய கோயிலும் வேண்டாம். உங்க காலத்துல, உங்க வீட்டுக்குள்ள வந்த விஞ்ஞானம் எதுவோ அதைச் சொல்லுங்க."

என் வாய்க்கு என்றைக்கும் பூட்டு கிடையாது. "புது நெல்லு சார்," என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அருமையான தலைப்பும்மா! ஆராய்ச்சிப் பண்ணையில கண்டுபிடிச்சது வயலுக்கு வந்து என்ன பண்ணுச்சுன்னு எழுதலாமே. உங்க வீட்டுல போடுறீங்களா? குறுவை, சம்பா ரெண்டும் எடுக்குறீங்களா?"

அப்போதுதான் அவர் யார் என்பது எனக்கு உறைத்தது. அவர் எங்கள் நிலக்காரரின் மாப்பிள்ளை.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் அப்பா குத்தகைக்கு உழுத நிலம் இந்த ஆசிரியரின் மாமனாருக்குச் சொந்தம். அவர் தஞ்சாவூரில் இருந்தார். வயலில் வந்து இறங்குகிற வழக்கமில்லை. குறுவையைப் பூச்சி தின்றுவிடுகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு, அப்பா சம்பாவுக்கு மட்டும் குத்தகை அளந்துகொண்டிருந்தார். உண்மையில் புது நெல் வந்ததிலிருந்து எங்கள் குறுவை ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. வைக்கோல் குட்டை, சோறு ருசியில்லை என்று அம்மா அதை வாயில் வைக்கமாட்டாள். ஆனால் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்த நெல்தான்.

"வீட்டுல கேட்டுட்டு வர்றேன் சார்," என்று முனகினேன். திங்கட்கிழமை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

அப்போது எங்கள் பக்கத்தில் கூலி கேட்டு ஒரு வரப்பில் கொடி நிற்கும், அதை எதிர்த்து அடுத்த வரப்பில் நிலக்காரர்களின் ஆள் நிற்கும். உழுகிறவன் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதிந்துகொள்ளலாம், பதிந்தவனை நிலத்தைவிட்டு எளிதில் எழுப்ப முடியாது என்று சர்க்கார் சட்டம் போட்டதும், சில நிலக்காரர்கள் முந்திக்கொண்டு குத்தகைக்காரர்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். பக்கத்து ஊரில் ஒருவருடைய நாற்றங்காலை டிராக்டர் விட்டு உழுதேவிட்டார்கள். எங்கள் அப்பா மட்டும் பதியவில்லை. "இத்தனை வருஷம் அவங்க மொகத்துல முழிச்சுட்டு, இப்பப் போயி பேரப் பதிஞ்சா என்ன நெனப்பாங்க?" என்பார்.

வகுப்பில் நடந்ததைச் சொன்னபோது அவர் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ரெண்டு போகம்னு சொல்லிட்டியா?"

"சொல்லலப்பா."

"சொல்லிராதம்மா."

அவர் குரலில் அவ்வளவு கெஞ்சலை நான் அதுவரை கேட்டதில்லை. வேறு தலைப்பு தேடி நூலகத்தில் புரட்டாத புத்தகம் இல்லை. எதைத் தொட்டாலும் பயமாக இருந்தது. உரம் என்றால் எந்த வயலுக்கு என்பார், பம்புசெட் என்றால் எந்தப் போகத்துக்கு என்பார். கடைசியில் தொலைநோக்கியைப் பற்றி ஒரு பக்கம் காப்பியடித்துக்கொண்டு திங்கட்கிழமை போய் நின்றேன்.

ஆசிரியர் படித்துப் பார்த்தார். "தொலைநோக்கியா? இது எப்பம்மா உங்க வீட்டுக்குள்ள வந்துச்சு?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நேத்து மாமாவோட கார்ல உங்க ஊர் வழியா வந்தேன். ரோட்டோரமா உங்க வயலக் காட்டுனாரு. மூணு வருஷமா குறுவை இப்படித்தான் நிக்குதுன்னாரு. அறுப்பு எப்பன்னு கேட்டாரு."

"தெரியாது சார்."

என்னை எச்சரித்தாரா, மிரட்டினாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மத்தியான பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு ஓடினேன். ஜன்னலுக்கு வெளியே எங்கள் வயல் பழுத்துச் சாய்ந்து கிடந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற வயல். இதைப் போய் ஒளித்துவைத்திருந்தோமே என்று அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "மூணு வருஷமாத் தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, "அறுப்பு முடிஞ்சதும் நம்மள நிலத்தவிட்டு எறக்கிவிட்டுருவாங்கம்மா," என்றார்.

மறுநாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குக் கிளம்பினார். மனு எழுத நானும் போனேன். குமாஸ்தா தலைநிமிராமல், "எத்தன போகம்?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார்.

"ரெண்டு போகம்ங்க. குறுவையும் உண்டு, சம்பாவும் உண்டு."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். நிலக்காரருக்கு நோட்டீஸ் போகும் என்றார் குமாஸ்தா. திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியாக அப்பா எங்கள் வயலைக் காட்டினார். "அந்த நெல்லப் பத்தியே எழுதும்மா. இனிமே மறைக்க என்ன இருக்கு?" என்றார்.

'எங்கள் வயலில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிறது' என்றே கட்டுரையைத் தொடங்கினேன். ஆசிரியர் முதல் வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்பா பதிஞ்சுட்டாரா?"

"பதிஞ்சுட்டார் சார்." அதோடு நிறுத்தியிருக்கலாம். பூட்டில்லாத வாய். "வெள்ளிக்கிழமை அறுப்பு சார். மாமாகிட்டச் சொல்லிருங்க."

அவர் தலைப்புக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அறுப்பு பாதியில் இருக்கும்போது நிலக்காரரின் கார் வந்து ரோட்டில் நின்றது. அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். தஞ்சாவூர்த் தெருவில் அந்தக் காரைக் கண்டால்கூட அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவார். அன்று துண்டு தோளிலேயே இருந்தது. "அறுங்கம்மா, அறுங்க," என்று மட்டும் சொன்னார். காரிலிருந்து யாரும் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது.

கார் மறைகிறவரைக்கும் அப்பா நின்றார். அப்புறம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.