வெள்ளி எடுத்த பிலிம்

சைனீஸ் வண்டிக்காரன் நூடுல்ஸில் வினிகரை ஊற்றினான். எனக்குத் தாராவியில் நாங்கள் இருந்த பழைய வீடு ஞாபகம் வந்துவிட்டது. கெட்டுப்போன சினிமா பிலிமுக்கும் இதே புளித்த வாடைதான்.

அப்பா பழைய பிலிமை மூட்டையாக வாங்கி, காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டு, அதிலிருக்கும் வெள்ளியைப் பிரித்து விற்பவர். பிலிமில் என்ன படம் இருக்கிறதென்று அவர் பார்த்ததே இல்லை. ஒருநாள் ஏதோ ஊமைப்படத்தின் துண்டு ஒன்று அகப்பட்டது. அதில் ஒரு பெண் முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தாள். அவள் திரும்பப் போகும் இடத்தில் பிலிம் அறுந்திருந்தது.

அதன்பிறகு அப்பா எதையும் கழுவவில்லை. மீதியைத் தேடி மூட்டைகளையெல்லாம் வீட்டுக்குள் கொட்டினார். நாங்கள் சுருள்களின் மேல்தான் படுத்தோம். அவரோ ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் துண்டையே பிடித்துக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால், "சத்தம் போடாதிய. அவ திரும்பப் போறா" என்பார்.

பொறுக்கமாட்டாமல் அம்மா அதைக் காஸ்டிக் தொட்டியில் போட்டுவிட்டாள். அப்பா வெறுங்கையை விட்டு எடுத்தார். படம் கரைந்து, பிலிம் கண்ணாடி போல வெளுத்திருந்தது.

"இனியாவது வேலையப் பாருங்க" என்று அம்மா அழுதாள்.

வெந்த விரல்களால் அதை ஜன்னலில் உயர்த்திப் பிடித்து, அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, இங்க வா. திரும்பிட்டா. சிரிக்கா பாரு."

"ஆமாப்பா" என்றேன்.

அம்மா அழுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.